கடல் தாண்டி வந்த தகரப் பெட்டியும் கோத்தகிரி ஈரமும்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் பழைய வீடு எதற்குள் போனாலும் ஒரு தகரப் பெட்டியைப் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில் இருக்கும், இல்லையென்றால் பரண்மேல். மூடியில் வெள்ளைப் பெயின்டில் குடும்பத் தலைவர் பெயரும் அதற்குக் கீழே ‘மண்டபம்’ என்றும் எழுதியிருக்கும். இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பெட்டி அது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவானது. வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் அரசே தேயிலை நட்டது. அந்தத் தோட்டங்கள்தான் 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் கீழ் வந்தன. ஊருக்குள் நாங்கள் இன்றைக்கும் ‘சிலோன்காரங்க’.

எங்கள் வீட்டுப் பெட்டி 1984-ல் வந்தது. தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் இந்தியக் குடியுரிமை அதற்குப் பல வருடம் முன்பே கிடைத்துவிட்டது. ஆனாலும் புறப்பட மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தள்ளிப்போட வழியில்லை. பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டோடு கப்பலும் நின்றது.

பெட்டிக்குள் இருந்தவை அதிகமில்லை. குடும்ப அட்டை, பாஸ்போர்ட், கண்ணாடி போட்ட ஒரு கல்யாணப் படம், ஒரு எனாமல் தட்டு, மூக்குப்பொடி டப்பாவுக்குள் பாதியாகக் கிழித்த ஒரு நோட்டு. வந்த பிறகு சேர்ந்தது கடிதக் கட்டு. இரண்டு யுத்தங்கள் இந்தச் சாமான்களுக்குள் இருக்கின்றன. அவற்றை இந்த ஈர மலையில் எப்படிக் காப்பாற்றினோம், அவற்றின் கதையை எப்படிக் கேட்டு வாங்கினோம் என்று எழுதினால், இதே மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பக்கத்து வீடுகளில் பல பெட்டிகள் ஏற்கனவே பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன.

முதலில் அந்தப் பாதி நோட்டு. 1942-ல் இலங்கையில் சில்லறை அடிக்க உலோகம் போதவில்லை, அதனால் 5 சதத்தையே காகிதத்தில் அச்சடித்தார்கள். நடுவில் தபால்தலைக்கு இருக்கிற மாதிரித் துளைக்கோடு. கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். எங்களிடம் இருப்பது 3 சதப் பாதி. தாத்தாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்த வருடம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, 9-ம் தேதி திருகோணமலையில். பதுளை லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அந்தச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அங்கே யுத்தம் வந்தது அரிசி வழியாக. இலங்கைக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி நின்றது, கூப்பன் வந்தது. “மூணு வேளையும் கோதும மா ரொட்டிதான். அரிசிச் சோறு தின்ன நாள எண்ணிச் சொல்லிரலாம்” என்பார் தாத்தா. ஒரு நாள் கடையில் அவருடைய அம்மா அந்த நோட்டைக் கிழித்து 2 சதப் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை இவர் கையில் வைத்து “பத்திரம்டா” என்றிருக்கிறார். அந்த மாதமே அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். பத்திரம் என்று சொன்னதைத் தாத்தா கடைசிவரை காப்பாற்றினார்.

இந்தக் கதை தெரியாவிட்டால் அது கையகலம் கூட இல்லாத கிழிந்த காகிதம். பழைய நாணயம், நோட்டு சேகரிப்பவர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, முழுசாக இருந்தால் எடுத்துக்கொள்வேன் என்றார். அப்போதுதான் முடிவு செய்தேன்: பொருளை விட அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது அதைப் பற்றிப் பேசக்கூடிய ஆளின் வாய்வார்த்தையை. காகிதத்துக்கு இன்னும் சில வருடம் தாங்கும் சக்தி உண்டு. எண்பது தாண்டியவரின் ஞாபகத்துக்கு அந்த உறுதி கிடையாது. அதனால் யாராவது என்னிடம் ‘பழைய சாமானை எப்படிப் பாதுகாப்பது’ என்று கேட்டால், சிலிக்கா ஜெல் வாங்குவதற்கு முன்னால் போனை எடுத்து ரெக்கார்டிங் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “யுத்தத்தைப் பத்திச் சொல்லுங்க அப்பாயி” என்று கேட்டால் எதுவும் வராது. “அதெல்லாம் என்னத்தச் சொல்றது கண்ணு” என்று முடித்துவிடுவார். அந்த எனாமல் தட்டை மடியில் வைத்துக் கேட்டபோது வந்தது. தட்டு கையில் இருந்தால் விரல் அந்த உடைந்த விளிம்புக்குப் போகிறது, அங்கிருந்து பேச்சு தொடங்குகிறது. என்ன சமைத்தீர்கள், எந்தப் பக்கமாக ஓடினீர்கள், அப்பா என்ன சட்டை போட்டிருந்தார், யார் வீட்டுக் கதவு திறந்திருந்தது என்று சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். ‘பயமாக இருந்ததா’ என்று கேட்கவே கூடாது. பயத்தை அவர்களே, அவர்கள் நேரத்தில் சொல்வார்கள்.

ஆண்டு, தேதிக்கும் அப்படித்தான். அப்பாயிக்கு 1983 என்ற எண் முக்கியமில்லை. “கச்சான் காத்து அடிச்சுக் கொழுந்து கொறஞ்ச மாசம், மேமலையில கவ்வாத்து வெட்டுன வருசம்” என்பார். காமன் கூத்துக்கு முன், ஆடிக்குப் பின் என்று கணக்கு வைத்திருப்பார். இடையில் மறித்துத் திருத்தினால் பேச்சு அறுந்துவிடும். அவர் சொன்னபடியே பதிந்துவிட்டு, தேதியைப் பிறகு நாம் சேர்த்துக்கொள்ளலாம். போனை மறைத்து வைத்துப் பதிவு செய்யவும் வேண்டாம். எதிரிலேயே வைத்து, “இதுல பதியுது அப்பாயி, பரவால்லயா” என்று கேட்டுவிடுவது மரியாதை.

தட்டின் கதை இதுதான். ஜூலை 24-ம் தேதி கொழும்பில் தொடங்கிய வன்முறை சில நாளில் மலையக நகரங்களுக்கும் பரவியது. பதுளையில் தமிழர் கடைகள் எரிந்த புகையை லயத்து வாசலில் நின்றே பார்த்திருக்கிறார்கள். இருட்டியதும் பிள்ளைகளோடு தேயிலைச் செடிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அக்கா ஒருவர், விளக்கு இல்லாமல் மலைச் சரிவில் இறங்கி வந்து, நீலக்கரை போட்ட தட்டில் சோறும் பலாக்காய்க் கறியும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “எடுத்துக்கிட்டுப் போ, ஊருக்கு” என்றாராம். இந்தத் தட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அப்பாயி அந்த அக்காவின் பெயரை இரண்டு முறை சொல்வார், நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

பாத்திரம், துணி, கத்தி மாதிரியான சாமான்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். காகிதம் என்றால் ஏதோ முக்கியம் என்று யாரும் எடுத்து வைப்பார்கள். விளிம்பு உடைந்த தட்டைப் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாங்கள் ஒவ்வொன்றிலும் பருத்தி நூலில் ஒரு அட்டையைக் கட்டி எண் எழுதியிருக்கிறோம். அதே எண்ணுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கம் ஒதுக்கி, யாருடையது, எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று எழுதினோம். பொருள்மேல் நேராகப் பேனாவால் எழுதவோ ஸ்டிக்கர் ஒட்டவோ வேண்டாம். தட்டைப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தூசியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். துரு வந்த இடத்தைச் சுரண்டினால் எனாமல் இன்னும் பெயரும்.

காகிதத்துக்கு வருகிறேன். இந்தக் குடும்ப அட்டையை நினைவுப்பொருள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் வாங்கியது. குடும்பத்தார் அனைவர் பெயரும் வயதும், தாத்தாவின் முன்னோர் புறப்பட்ட துறையூர்ப் பக்கத்துக் கிராமமும் அதில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் சாதிச் சான்று கேட்டுப் போனபோது முதலில் கேட்டது இந்த அட்டையைத்தான். தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் உறுப்பினராகவும் இதுதான் கைகொடுத்தது. அதனால் முதல் வேண்டுகோள்: தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். உறவினர் வீட்டில் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தார்கள். சூட்டில் உருகிய பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. உள்ளே இருந்த ஈரமும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அவர்கள் அட்டையில் முத்திரை மங்கி, ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. செலோடேப்பும் அதே வேலையைத்தான் செய்யும். சில வருடத்தில் டேப் உதிர்ந்துபோகும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு எழுதும் யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, வாங்கி வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை.

தகரப் பெட்டியைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது, கப்பலில் வந்ததையே தாங்கியது என்று. ஆனால் இரவுக் குளிரில் தகரம் வியர்க்கும், உள்பக்கம் துரு பிடிக்கும், துரு காகிதத்தில் இறங்கும். பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சரித்திரம்தான். காகிதங்களை மட்டும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தெளிவான பாலியெஸ்டர் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் ஒட்டிக்கொண்டு மையை இழுக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். மழைக் காலத்தில் இதை மறக்கக் கூடாது. டப்பாவை வெளிச்சுவரை ஒட்டியோ சமையலறைப் பரணிலோ வைக்காமல், உள்சுவர்ப் பக்கம் தரையிலிருந்து உயரத்தில் வைத்தால் நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் காற்று காய்ந்திருக்கும்போது ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து நிழலில் பரப்பி வைக்கிறோம். நேர் வெயிலில் காயவைத்தால் மை வெளுத்துவிடும். ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். நாப்தலின் உருண்டையைக் காகிதத்தின்மேல் நேராகப் போடாதீர்கள். ஊக்கும் குண்டூசியும் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கல்யாணப் படத்தில் எங்களுக்கு வேறு பிரச்சினை. பண்டாரவளை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் உப்பிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எனவே பிரிக்கவில்லை. ஜன்னலோர வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல், கண்ணாடியில் நிழல் விழாத கோணத்தில் படம் பிடித்து, பெரிதாகப் பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்டினோம். மூலம் கண்ணாடியோடு அப்படியே டப்பாவில் இருக்கிறது. புதிதாகச் சட்டம் போடுபவர்கள் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இனி அத்தையின் கடிதங்கள். அப்பாவின் அக்கா. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அத்தையும் மாமாவும் கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம், அவர்கள் அங்கேயே நின்றார்கள். முதலில் நீல ஏர் மெயில் கடிதங்கள் வந்தன. சண்டை கடுமையானதும் அதுவும் நின்றுபோய், செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் செய்தி வரத் தொடங்கியது. அந்தப் படிவத்துக்கு ஒரு விதி உண்டு. உறையில் போட்டு ஒட்ட முடியாது, குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம். அதனால் அத்தை எழுதியதெல்லாம் இவ்வளவுதான்: நாங்கள் எல்லோரும் சுகம், சின்னவன் ஏழாம் வகுப்பு படிக்கிறான், அம்மாவின் முழங்கால் வலி எப்படி. அப்பாயிக்கு அதைப் படித்துக் காட்டினால், “இப்ப எந்த ஊர்ல இருக்கான்னு எழுதலயே” என்பார். இடம் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தவர்கள் இடத்தை எப்படி எழுதுவார்கள்.

இப்படிப்பட்ட கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்தால் மட்டும் போதாது என்பது என் திடமான எண்ணம். நூறு வருடம் கழித்துப் படிப்பவருக்கு எல்லோரும் சுகமாக இருந்ததாகத்தான் தெரியும். போர் முடிந்து பல வருடம் கழித்து அத்தை விசா எடுத்து கோத்தகிரிக்கு வந்திருந்தார். ஒவ்வொரு செய்தியையும் அவர் முன்னால் வைத்து, இதை எழுதும்போது எங்கே இருந்தீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதைத் தனித்தாளில் எழுதி, அந்தந்தச் செய்தியோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். மரத்தடி, கோயில் மண்டபம், பதுங்குகுழி என்று வந்தது. 2009-ம் ஆண்டுக்கு வந்ததும், “அது வேணாம்மா” என்றார். அத்துடன் நிறுத்திக்கொண்டோம். சின்னவன் இப்போது இல்லை. அந்தப் பக்கத்தை நோட்டில் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அத்தை சொல்ல நினைத்தால் எழுதுவோம், இல்லையென்றால் அது அவருடையது. கேட்டுத் துருவி எடுப்பது நம் வேலை கிடையாது.

ஒன்று மட்டும் அத்தை விரிவாகச் சொன்னார், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்புத் துணியில் கட்டியிருந்தாராம், முள்ளிவாய்க்கால்வரை, பிறகு வவுனியாவின் மெனிக் பாம் அகதி முகாம்வரை. பாத்திரம் போனது, நகை போனது, காகிதம் தப்பியது. முகாமை விட்டு வெளியேறியபோது அதனால்தான் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடிந்தது. அதே 2009 நவம்பரில் இங்கே நீலகிரியில் பெருமழை. நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கிய ராத்திரி, தாத்தா வேறு எதையும் தொடாமல் குடும்ப அட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். அத்தை அங்கே என்ன செய்தார் என்று அவருக்கு அப்போது தெரியாது. இப்போது எங்கள் வீட்டுக் கதவருகே ஆணியில் ஒரு நீர்புகாப் பை தொங்குகிறது. குடும்ப அட்டை அதில். மழை எச்சரிக்கை வந்தால் கையில் எடுக்க வேண்டியது அது ஒன்றுதான்.

நகல் விஷயம் சுருக்கமாக. 600 டிபிஐ-யில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். வெறும் பின்பக்கம் என்று விடாதீர்கள், முத்திரையும் கையெழுத்தும் பல நேரம் அங்கேதான். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நோட்டுப் புத்தக எண்ணையே வையுங்கள். ஒரு பிரதி இங்கே, ஒன்று திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பி வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். குரல் பதிவுக்கும் அதே. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறு பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஈழத்து ஆவணங்களை டிஜிட்டலாக்கி வைக்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனம் மலையக ஆவணங்களையும் சேர்க்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொடுக்க நினைப்பவர்கள் விசாரிக்கலாம். ஆனால் எதையும் பொதுவில் போடும் முன் பாஸ்போர்ட் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். அங்கே இன்னும் வாழ்பவர்கள் பெயர் இருந்தால் அவர்களைக் கேட்காமல் போட வேண்டாம். அத்தை மூன்று செய்திகளை வெளியே காட்ட வேண்டாம் என்றார், அவை எங்கள் டப்பாவிலேயே இருக்கின்றன.

தாத்தா போன பிறகு யார் எதை வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வரக்கூடிய இடம் இது, முன்பே பேசிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அப்பாயியே தீர்த்து வைத்தார். பத்திரங்கள் ஈரம் குறைந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதால், சான்றுக்கு இங்கே தேவைப்படும் குடும்ப அட்டை தவிர மற்றவை தம்பியிடம் திருப்பூருக்குப் போகும். பாதி நோட்டு அப்பாவிடம். தட்டு என்னிடம். நோட்டுப் புத்தகத்தின் நகல் எல்லோரிடமும். யாராவது ஒருவர் விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அப்பாயி கையெழுத்துப் போடத் தெரியாதவர், கைநாட்டு வைத்தார்.